கணினியின் களைப்பும் காரணந் தேடலும்

எமது கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, யாது எழுதுவதென்று சில நாள் சிந்தித்தோம். விடுதி வாழ்க்கையையும் விளையாட்டு வெற்றிகளையும் எழுதுதற்கு எம்மினும் தகுதியுடையோர் பலர் உளர். பழைய அதிபர்களைப் பற்றி எழுதும் உரிமை எம்மின் மூத்தோர்க்கே உரியது. எமக்குத் தெரிந்தது ஒரு தொழில். கணினிகளைப் பேணுதலும், அவை நோயுற்றவிடத்து நோய் இன்னதெனக் காண்டலுமே அத்தொழிலாகும். கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் எம்மைக் காணும் பழைய நண்பர்கள் நலம் விசாரித்த மறுகணமே கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “வீட்டுக் கணினி நகரவே மாட்டேன் என்கிறது, திறந்து பார்த்தால் 100 வீதம் என்று காட்டுகிறது, என்ன செய்யலாம்?” என்பதே அது. நின்ற நிலையில் அதற்கு விடை கூறுதல் எளிதன்று. இங்கே ஆறுதலாக இருந்து கூறலாம் என எண்ணுகின்றோம்.

முதற்கண் அந்த 100 வீதம் என்பது யாதென அறிதல் வேண்டும். கணினியினுள்ளே கட்டளைகளை நிறைவேற்றும் உறுப்பைச் செயலி என்கிறோம். புரொசெசர் என்றால் கடைக்காரருக்கும் விளங்கும். அச்செயலியை எந்நேரத்தில் எவ்வேலைக்கு விடுவதென வகுத்துக் கொடுக்கும் மென்பொருளே பணிசெயல் முறைமை எனப்படும். விண்டோஸ், லினக்ஸ் முதலியன அவ்வகையின. ஒரு கணப்பொழுதை மட்டும் எடுத்து நோக்கின், செயலி வேலை செய்துகொண்டிருக்கும், அன்றேல் சும்மா இருக்கும். அரைவாசி வேலை செய்தல் என்பது அதற்கு இல்லை. ஆகவே திரையிலே 60 வீதம் என்று காணப்படுவது, சற்றுமுன் கழிந்த சிறு பொழுதிற் பத்தில் ஆறு பங்கு அது வேலையில் இருந்தது என்னும் செய்தியேயன்றி வேறன்று. விண்டோஸில் உள்ள ராஸ்க் மனேஜர் என்னும் கருவி வழக்கமாக ஒரு செக்கனுக்கு ஒருமுறையும், லினக்ஸில் உள்ள ரொப் என்னும் கருவி மூன்று செக்கனுக்கு ஒருமுறையும் இக்கணக்கைப் புதுக்கிக் காட்டும். ஒருமுறை 100 எனக் கண்டு அஞ்சுதல், மாடிப்படி ஏறி வந்தவனின் நாடியைப் பிடித்துப் பார்த்து அவனுக்கு இருதயநோய் என்பது போலாகும்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையையும் குறிப்பிடல் தகும். பழைய விண்டோஸ் முறைமைகளில் இப்பட்டியலைத் திறந்தோர், ‘சிஸ்ரம் ஐடில் புரொசெஸ்’ என்னும் பெயருக்கு நேரே 98 எனக் கண்டு, இதுவே கணினியைத் தின்கிறது என்று எம்மிடம் ஓடிவந்ததுண்டு. அஃது ஒரு வேலையன்று. செயலி சும்மா இருந்த நேரத்துக்கு இட்ட பெயர் அது. கடன் பட்டியலும் கையிருப்பும் ஒரே கொப்பியில் எழுதப்பட்டாற் பார்ப்பவர் மயங்குதல் இயல்பே.

இதனினும் நுண்ணிய மயக்கம் ஒன்றுண்டு. இக்காலச் செயலி ஒன்றல்ல. ஒரே சில்லினுள்ளே நான்கு, எட்டு எனப் பல ‘கோர்’கள் உண்டு. ஒவ்வொரு கோரும் தனித்தனியே வேலை செய்யவல்லது. ஒரு வேலை முடிவற்ற சுழற்சியில் அகப்பட்டுக்கொண்டால், அது பெரும்பாலும் ஒரு கோரையே முழுதாகப் பிடித்துக்கொள்ளும். நான்கு கோருள்ள கணினியில் ராஸ்க் மனேஜர் அதனை 25 வீதம் என்று காட்டும். எட்டுக் கோருள்ளதில் 12 அல்லது 13 என்று காட்டும். லினக்ஸின் ரொப் கருவியோ அதையே 100 என்று காட்டும். அக்கருவியின் கணக்கில் நான்கு கோரும் நிறைந்தால் 400 ஆகும். ஆகையால் 13 வீதம் என்று கண்டு ‘நலமே’ எனச் சொல்லிப் போனவரும் உளர். அந்த வேலையைப் பொறுத்தவரை அது மூச்சுமுட்டும் நிலையாகும். எண்ணைப் படிக்குமுன் அஃது எதனுள் எத்தனை வீதம் என்று கேட்டல் நன்று.

அன்றியும், 100 வீதம் என்பது எப்பொழுதும் நோயன்று. திருமண வீடியோ ஒன்றை வேறு வடிவுக்கு மாற்றும்படி பணித்துவிட்டு, செயலி ஏன் முழுமூச்சாய் உழைக்கிறது என்று கேட்டல் முறையாகாது. உழைப்பதற்கே அதனை வாங்கினோம். கேட்ட வேலை முன்னேறாமல் உழைப்பு மட்டும் நடந்தால், அல்லது ஒன்றின் உழைப்பினால் மற்றையோர் காத்திருக்க நேர்ந்தால், அப்பொழுதே அது நோயாகும். கணினி மந்தமாயிருக்கச் செயலியோ 5 வீதத்தில் உறங்குமாயின், வன்தட்டின் மீதோ வலையமைப்பின் மீதோ ஐயுற வேண்டும். லினக்ஸில் ‘லோட் அவரேஜ்’ என்னும் சுமைக் கணக்கு உயர்ந்திருக்கக் கண்டு செயலியையே குறைகூறுவோர், 1993 முதல் அக்கணக்கிலே வன்தட்டுக்காகக் காத்துக் கிடக்கும் வேலைகளும் சேர்த்தெண்ணப்படுகின்றன என்பதை அறிதல் வேண்டும்.

இனிக் காரணந் தேடும் முறைக்கு வருவோம். இம்முறையை எமக்கு முதன்முதற் கற்பித்தது கணினி நூலன்று. எமது கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடமே கற்பித்தது. பெயர் தெரியாத உப்பு ஒன்றைச் சோதனைக் குழாயில் இட்டுக் கையிற் கொடுத்து, இதில் யாது உளது எனக் காண்க என்பார் ஆசிரியர். ஐதான ஐதரோகுளோரிக்கமிலம் சேர்த்தவுடன் வெள்ளை வீழ்படிவு தோன்றினால், ‘வெள்ளி!’ என்று கூவும் மாணவரை அவர் நோக்கும் நோக்கு இன்றும் எம் கண்முன் நிற்கின்றது. வெள்ளியும் அவ்வாறு வீழ்படியும், ஈயமும் வீழ்படியும், மேர்க்கூரசு உப்பும் வீழ்படியும். வெந்நீர் சேர்த்தாற் கரைவது ஈயம். அமோனியாக் கரைசலிற் கரைவது வெள்ளி. அதனோடு சேர்ந்து கருமையாவது மேர்க்கூரசு. முதற் சோதனை கூறுவது கூட்டத்தின் பெயரையே. ஆளின் பெயரை அடுத்த சோதனையே கூறும். வரிசை தவறிச் சோதித்தவர்க்கு விடை சரியாக வந்தாலும் அவர் புள்ளி வழங்கமாட்டார். அக்காலத்தில் அஃது எமக்குக் கொடுமையாகவே தோன்றியது.

கணினியிலும் முதற் சோதனை எளியது. ரொப் என்னும் கருவி 1984 இலும், ராஸ்க் மனேஜர் 1996 இல் விண்டோஸ் என்ரி 4.0 உடனும் வெளிவந்தன. அவற்றைத் திறந்து, செயலியை அதிகமாகக் கொள்ளும் வேலை முதலில் வரும்படி பட்டியலை அடுக்கினால், உச்சியில் ஒரு பெயர் நிற்கும். இவ்வளவும் ஒரு நிமிட வேலை. பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுகின்றனர். உச்சியில் நிற்கும் பெயரைச் சொடுக்கி, அவ்வேலையை நிறுத்திவிட்டு, நோய் தீர்ந்தது என்கின்றனர். எமது அனுபவத்தில், உச்சியிற் காணும் பெயர் உழைப்பவனின் பெயரே. ஏவியவனின் பெயர் பெரும்பாலும் அங்கு இராது.

விண்டோஸ் எக்ஸ்பியின் இறுதிக் காலத்தை நினைவுகூர்வோம். 2013 இல் அம்முறைமையுள்ள எண்ணிறந்த கணினிகள் இயக்கிய சிறிது நேரத்தில் 100 வீதத்துக்கு ஏறி, நெடுநேரம் இறங்காமல் நின்றன. பட்டியலின் உச்சியில் இருந்த பெயர் ‘எஸ்விசிஹோஸ்ற்’ என்பது. அது தானாக யாதொன்றும் செய்வதன்று. முறைமையின் பல சேவைகள் ஒருங்கே குடியிருக்கும் ஒரு கூடு. விடுதி விலாசமிட்டு வந்த கடிதத்தைக் கண்டு, எழுதியவர் விடுதியார் என்று கொள்ளலாமோ? உள்ளே எந்த மாணவர் எழுதினார் என்று பார்க்க வேண்டும். அவ்வாறு பார்த்தவர்கள், அங்கே குடியிருந்த திருத்தம் தேடும் சேவையே உழைக்கிறது என்று கண்டனர். அதுவும் விடையாகவில்லை. திருத்தந் தேடுதல் நாள்தோறும் நடப்பது. அன்று மட்டும் ஏன் இந்தப் பாடு? உண்மைக் காரணம் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் பட்டியலிலே இருந்தது. உலாவிக்கு வெளியிடப்பட்ட ஒவ்வொரு திருத்தமும் முந்திய திருத்தத்தின் இடத்தைப் பெறும். முந்தியது அதற்கும் முந்தியதன் இடத்தைப் பெற்றிருக்கும். இச்சங்கிலி ஆண்டுதோறும் நீண்டது. சங்கிலியை ஆராயும் வழிமுறையோ ஒரு கண்ணி கூடுந்தோறும் உழைப்பு மடங்கு மடங்காகப் பெருகும் இயல்பினது. சங்கிலி குறுகியிருந்த காலத்தில் அக்குறை எவர் கண்ணுக்கும் தோன்றவில்லை. 2014 தொடக்கத்திற் பழைய கண்ணிகள் பட்டியலினின்றும் நீக்கப்பட்டபின் இடர் தணிந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் 8 ஆந் திகதியுடன் எக்ஸ்பிக்கான ஆதரவும் முடிவுற்றது. அதற்கிடையில் நல்ல நிலையிலிருந்த கணினிகள் எத்தனை ‘பழுது’ என்று கழிக்கப்பட்டனவோ!

இத்தகைய தேடல் இயந்திரத்தின் நலத்தோடு முடிவதாயின் இதனை இவ்வளவு விரித்து எழுதியிரோம். சில வேளைகளில் மனிதரின் சோறும் இதிற் தொங்குகின்றது. கொழும்பிலுள்ள ஓர் அலுவலகம்; பெயர் வேண்டா. 2017 இல் எம்மை அங்கே அழைத்தனர். வன்னியிலிருந்து வந்து, தகுதிகாண் காலத்தில் எழுதுவினைஞராய்ப் பணியாற்றிய இளைஞர் ஒருவரின் மேசைக் கணினி நாள்தோறும் காலை அவர் வந்து அமர்ந்து கால்மணி நேரத்துள் 100 வீதத்துக்கு ஏறிவிடும். அக்கணினியிலேயே மற்றை நால்வரும் பயன்படுத்தும் பட்டியற் கோப்புகளும் இருந்தமையால், அவர்களின் வேலையும் நின்றுவிடும். மாத முடிவிற் கொடுப்பனவுகள் தாமதமாயின. அவர் விடுமுறையில் நின்ற நாள்களிற் கணினி நலமாயிருந்தது. வேறொருவர் தம் பெயரில் உள்நுழைந்து அதே கணினியில் வேலை செய்த நாளிலும் நலமாயிருந்தது. இதனினும் வலிய சான்று வேறென்ன வேண்டும்? அவர் படம் பார்க்கிறார் என்றார் ஒருவர். களவாக நாணயம் ஈட்டும் மென்பொருளை ஏற்றியிருக்கிறார் என்றார், பத்திரிகை வாசிக்கும் வேறொருவர். எச்சரிக்கைக் கடிதம் தட்டச்சாகிக் கோவையில் இருந்தது. எம்மிடம் கேட்கப்பட்டது காரணம் யாதென்றன்று. எந்தப் படம் என்றே.

யாம் அவ்விளைஞரை அருகில் இருத்தி, வழக்கம்போல் உள்நுழையுமாறு கேட்டோம். “ஐயா, நான் அச்சடிக்கவும் தட்டச்சுச் செய்யவுமே இதைத் தொடுகிறேன்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பட்டியலைத் திறந்தோம். இரண்டே கோருள்ள பழைய கணினி அது. உச்சியில் நின்றது வைரசுக் காவல் மென்பொருள். 70 க்கும் 80 க்கும் இடையில் ஊசலாடியது. பின்னால் நின்றவர்கள், “பார்த்தீர்களா, தீயதொன்றைக் கொண்டுவந்திருக்கிறார், காவல் அதைத் துரத்துகிறது” என்றனர். காவலாளி ஓடுகிறான் என்பது மெய். ஆயின் எதனைத் துரத்துகிறான் என்பதை எவரும் பார்க்கவில்லை.

‘புரொசெஸ் மொனிற்றர்’ என்றொரு கருவி உண்டு. எந்த வேலை எந்தக் கோப்பை எக்கணத்தில் தொட்டது என்பதனை வரிவரியாக எழுதிவைப்பது அது. சில நிமிடம் அதனை ஓடவிட்டோம். வரிகள் இலட்சக்கணக்கிற் சேர்ந்தன. காவல் மென்பொருளின் வரிகளை மட்டும் பிரித்தெடுத்தபோது ஒரே கோப்பின் பெயர் மேலுங்கீழும் நிரம்பிக் கிடந்தது. அஃது அவ்விளைஞரின் சொந்த அடைவுக்குள் இருந்த ஒரு பதிவுக் கோப்பு. சாதாரணமாகச் சில பக்கமே இருக்க வேண்டியது, பெருநூற்றொகுதி போல வீங்கியிருந்தது. அதன் இறுதியில் எவரோ ஒரு வரி எழுதி மூடுவார். மூடியவுடன் காவலாளி அதனை முதலிலிருந்து திறந்து சோதிப்பான். சோதித்து முடியுமுன் அடுத்த வரி எழுதப்பட்டிருக்கும். இனி அக்கோப்பின் பெயரைக் கொண்டு வரிகளைப் பிரித்தோம். எழுதியவர் அச்சுப்பொறியோடு வந்த ஒரு சிறு துணை மென்பொருள். பட்டியலில் அதன் பங்கு 4 வீதம். ஆறாவதோ ஏழாவதோ இடத்தில் அடக்கமாக இருந்தது. கோப்பைத் திறந்து வாசித்தோம். இன்ன பெயருடைய அச்சுப்பொறியைக் காணவில்லை, மீண்டும் முயல்கிறேன் என்னும் பொருளுடைய ஒரே வரி, பல்லாயிரம் முறை.

அந்த அச்சுப்பொறி மூன்றாம் மாடியில் இருந்தது. கூற்றுகளை அதில் அச்சிடும்படி வேலைக்கு வந்த முதல் வாரத்தில் இவருக்குச் சொல்லி, இவர் பெயரில் மட்டும் அதனை இணைத்திருந்தனர். பின்னர் அது பழுதென்று அகற்றப்பட்டு வேறொன்று வைக்கப்பட்டது. கீழ்த்தளத்துக்கு எவரும் அறிவிக்கவில்லை. களஞ்சியப் பதிவேட்டை வருவித்துப் பார்த்தபோது, அகற்றிய திகதிக்கு அடுத்த வாரமே முதல் முறைப்பாடு எழுதப்பட்டிருந்தது. துணை மென்பொருளை ஆக்கியவர், காணாத அச்சுப்பொறியைத் தேடுமுன் சற்றே தரித்திருக்க அதற்குக் கற்பிக்கவில்லை. ஆகவே இளைஞர் காலையில் உள்நுழைவார், துணை மென்பொருள் விழித்தெழுந்து இல்லாத பொறியைக் கூவியழைக்கும், கூவியதைப் பதியும், பதிந்ததைக் காவலாளி சோதிப்பான், பட்டியல் எழுதும் நால்வரும் காத்திருப்பர். அவ்விணைப்பை நீக்கி, வீங்கிய கோப்பை அழித்தோம். எண் 100 இலிருந்து 4 க்கும் 5 க்கும் இறங்கி அங்கேயே நின்றது. காவல் மென்பொருளை நிறுத்துமாறு சொன்னவர்களின் ஆலோசனையை ஏற்றிருப்பின், அன்று வேகம் வந்திருக்கும், காவலும் போயிருக்கும், காரணமும் மறைந்திருக்கும், இளைஞரின் மேலிருந்த பழி மட்டும் நின்றிருக்கும்.

எச்சரிக்கைக் கடிதம் கோவையினின்றும் எடுக்கப்பட்டது. அவரது நியமனமும் உரிய காலத்தில் உறுதிப்படுத்தப்பட்டது. அவரிடம் வருத்தந் தெரிவித்தார் எவரையும் யாம் காணவில்லை.

நாணயம் ஈட்டும் மென்பொருள் என்று ஐயுற்றவரை முற்றாகக் குறைகூறுதலும் தகாது. 2017 செப்ரெம்பரில் தொடங்கி 2019 மார்ச்சில் மூடப்பட்ட கொயின்ஹைவ் என்னும் சேவை, இணையப் பக்கத்தைப் பார்ப்பவரின் செயலியைக் கொண்டே நாணயம் ஈட்டும் வழியைப் பரப்பிற்று. 2018 பெப்ருவரியில், வாசிக்க இடர்ப்படுவோர்க்கு உதவும் ஒரு துணைநிரலில் எவரோ அதனைப் புகுத்திவிட, பிரித்தானிய அரச தளங்கள் உட்பட 4,000 க்கு மேற்பட்ட தளங்கள் அதனை அறியாமலே சுமந்தன. அத்தகைய களவு உண்டு. உண்டென்பதனால் இவர் செய்தார் என்பது பெறப்படாது.

ஏவுபவன் மென்பொருளே அல்லாத சந்தர்ப்பமும் உண்டு. 2012 யூன் 30 ஆந் திகதி நள்ளிரவில், உலகப் பொதுநேரத்துடன் ஒரு செக்கன் கூட்டப்பட்டது. பூமியின் சுழற்சி சீரற்றது ஆகையால், அணுக்கடிகாரத்தோடு அதனை இணக்குதற்கு 1972 முதல் இவ்வாறு கூட்டுவதுண்டு. எமது நாட்டில் அப்போது யூலை 1 ஆந் திகதி விடியற்காலை 5.30 மணி. அக்கணமே உலகெங்கும் லினக்ஸ் சேர்வர்கள் பல, எவரும் எதுவும் செய்யாதிருக்க, 100 வீதத்துக்குத் தாவின. ரெடிற், மொசில்லா முதலிய பெயர்பெற்ற தளங்களும் இடருற்றன. ஜேர்மனியில் ஹெற்ஸ்னர் என்னும் சேர்வர் நிலையத்தார், தம் மின்நுகர்வு அவ்விரவில் ஏறக்குறைய ஒரு மெகாவாற்றால் உயர்ந்ததென வாடிக்கையாளருக்கு எழுதினர். ஒரு செக்கனுக்கு ஒரு மெகாவாற்று! பட்டியலின் உச்சியிற் காணப்பட்டவையோ ஜாவா, மைஎஸ்கியூஎல் முதலிய நல்ல மென்பொருள்கள். நடந்தது இது: கருவகத்தின் மணிக்கூடு ஒரு செக்கன் பின்வைக்கப்பட்டது, உறங்கும் வேலைகளை எழுப்பும் உள் மணிக்கூட்டுக்கோ அச்செய்தி போய்ச் சேரவில்லை. ஆகவே ‘அரைச் செக்கன் கழித்து என்னை எழுப்புக’ என்று கேட்ட வேலையை, நேரம் கடந்துவிட்டதென எண்ணி அது உடனே எழுப்பிற்று. எழுந்தது வேலையொன்றும் இல்லையெனக் கண்டு மீண்டும் உறங்கக் கேட்டது. மீண்டும் உடனே எழுப்பப்பட்டது. உறக்கம் மறுக்கப்பட்டவனின் களைப்பு அது, உழைப்பின் களைப்பன்று. பரிகாரமோ வியப்புக்குரியது. கணினியின் திகதியையும் நேரத்தையும், இருந்தபடியே, மீண்டும் ஒருமுறை அதற்குச் சொல்லுதல். அவ்வளவே. அங்ஙனம் சொன்னவுடன் இரு மணிக்கூடுகளும் ஒத்துக்கொண்டன, சேர்வர்கள் அமைதியுற்றன. 2016 இறுதிக்குப் பின் செக்கன் கூட்டப்படவில்லை. 2035 அளவில் இவ்வழக்கத்தைக் கைவிடுவதென 2022 இல் அளவையியற் பொதுமாநாட்டார் தீர்மானித்துள்ளனர்.

இவ்வாறான இடங்களில் வேலையின் பெயரளவில் நின்றால் யாதும் தெரியாது. அவ்வேலை தன்னுள்ளே எவ்வரியில் நிற்கிறது என்று பார்த்தல் வேண்டும். இதற்கு மாதிரி எடுத்தல் என்னும் முறையைக் கையாள்வர். செக்கனுக்குப் பலமுறை செயலியை எட்டிப் பார்த்து, அக்கணத்தில் எக்கட்டளை ஓடுகிறது, அதனை அழைத்தது எது, அதனையும் அழைத்தது எது எனக் குறித்துக்கொள்வர். செக்கனுக்கு 100 முறை என்னாது 99 முறை என வைப்பது இத்துறையாரின் வழக்கம். விடுதியில் இருந்தோர்க்கு இதன் காரணம் விளக்காமலே விளங்கும். இரவுப் படிப்பு வேளையில் மணியடித்தாற்போல் எட்டு மணிக்கு வரும் மேற்பார்வையாளர், நாள்தோறும் திறந்த புத்தகங்களையே காண்பார். 7.53 க்கு ஒருநாளும் 8.11 க்கு ஒருநாளும் வருபவரே மெய்யைக் காண்பார். கணினியிலும் 100 என்னும் தாளத்தில் நடக்கும் வேலைகள் பல உள. அவற்றோடு ஒத்த தாளத்தில் எட்டிப் பார்த்தால் ஒரே காட்சியே மீள மீளத் தோன்றும். இம்மாதிரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுடர் எரிவது போன்ற படமாக வரையும் முறையை பிரெண்டன் கிரெக் என்பார் 2011 இல் ஆக்கினார். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஒன்று செயலியை மிகுதியாய்க் கொண்டமைக்குக் காரணம் தேடியபோதே அது பிறந்தது. ஆயிரம் பக்கக் கணக்கை ஒரே பார்வையிற் காட்டும் அப்படத்தை நாம் மிக மதிக்கின்றோம்.

சில வேளை அவ்வரி ஒன்றேயாக இருத்தலுமுண்டு. 2019 யூலை 2 ஆந் திகதி, இணையத்தளங்கள் பலவற்றுக்கு முன்நின்று காக்கும் கிளவுட்பிளெயர் நிறுவனத்தின் சேர்வர்கள் உலகெங்கும் ஒருங்கே ஏறக்குறைய 100 வீதத்தை அடைந்தன. 27 நிமிடம் எண்ணிறந்த தளங்கள் திறக்கவில்லை. காரணம் புதிதாகச் சேர்த்த ஒரு விதியிலிருந்த ஒரு சொற்றொடர் வடிவம். பொருந்தாத எழுத்தைக் கண்டால், பின்சென்று வேறு வழியாகப் பொருத்திப் பார். அதுவும் பொருந்தாவிடின் இன்னும் பின்செல் என்று, முடிவில்லாப் பின்னடைவுக்கு அவ்வடிவம் இடங்கொடுத்தது. அந்நிறுவனத்தார் தம் பிழையை மறைக்காது படிப்படியாக எழுதி வெளியிட்டனர். இத்துறையிற் பயில விரும்பும் மாணவர்க்கு அதனினும் நல்ல பாடம் அரிது.

எமது நாட்டுக்குச் சிறப்பாய் உரிய காரணம் ஒன்றைக் கூறாது விடலாகாது, அது புழுதி. வெயிலும் புழுதியும் மிக்க இடத்திற் கணினியின் மின்விசிறி இரண்டொரு வருடத்தில் அடைத்துக்கொள்ளும். வெப்பம் மிகுந்தாற் செயலி தன்னைக் காக்கும்பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேகம் மூன்றிலொன்றானால், முன்னர் 30 வீதம் கொண்ட அதே வேலை இப்போது 90 வீதம் கொள்ளும். பட்டியலில் எப்பெயரும் புதிதாகத் தோன்றாது. எல்லாப் பெயரும் சேர்ந்து வீங்கியிருக்கும். அத்தருணத்தில் ராஸ்க் மனேஜரில் வீதத்தை விட்டு, அருகில் எழுதியிருக்கும் வேகத்தைப் பார்த்தல் வேண்டும். மென்பொருளை மாற்றியும் மீளப் பதித்தும் மூன்று நாள் போராடிய பின், ஒரு தூரிகையால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்த நோய்களை யாம் பல கண்டுள்ளோம்.

இவ்வளவும் சொன்ன பின்னரும், நண்பர்கள் கேட்கும் கேள்விக்கு விடை கூறத் தடையாக நிற்பது ஒன்றுண்டு. ‘உங்கள் கணினி நலமாயிருந்த நாளில் எத்தனை வீதம் காட்டிற்று?’ என்று யாம் திருப்பிக் கேட்டால் ஒருவரும் விடை அறியார். நலமாயிருக்கும் காலத்திற் பட்டியலை எவர் திறந்து பார்க்கிறார்? எம் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஒரு கொப்பி வைத்திருக்கின்றோம். மாதம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில், செயலியின் வீதம், வேகம், பட்டியலின் முதல் ஐந்து பெயர்கள் ஆகியவற்றைக் குறிப்போம். புதிதாக யாதேனும் சேர்த்தாலும் அகற்றினாலும் திகதியிட்டு எழுதுவோம். மூன்றாம் மாடி அச்சுப்பொறியாயினும் எழுதுவோம். எமது பழைய மாணவர் சங்கத்தார் கல்லூரியின் கணினிக்கூடத்துக்கு இயந்திரங்கள் வழங்கும்போது, ஒவ்வொன்றுடனும் 80 பக்கக் கொப்பி ஒன்றையும் ஒரு தூரிகையையும் சேர்த்து வழங்குமாறு இம்மலர் வாயிலாகக் கேட்டுக்கொள்கின்றோம். செலவு அதிகமாகாது, வேண்டுமாயின் முதற் பத்துக் கொப்பிகளை யாமே தருவோம்.